வெளிநாட்டு பாஸ்போர்ட், உள்ளூர் வாடகை வீடு: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்குக் குடிவரும் தம்பதிகளுக்கு

ஓசூர் சிப்காட்டிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மற்றத் தொழிற்பேட்டைகளிலும் வேலைக்கு வருகிற வெளிநாட்டுத் தம்பதிகளில் பல தினுசு உண்டு. மலேசியத் தமிழர், சிங்கப்பூர்த் தமிழர், இருவரில் ஒருவருக்கு மட்டும் தமிழ் தெரிந்தவர்கள், ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்கள். பாஸ்போர்ட் வெளிநாட்டினுடையது என்றால் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான். வீடு விடப்போகும் ஓனரும் இதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. சட்டப்படி முதல் வேலை அவருடையது.

முதல் மாதத்தில் வருகிற தலைவலிகளில் பெரும்பங்கு வரிசை மாறுவதால் வருவது. விலாசச் சான்று இல்லாமல் வங்கிக்குப் போவார்கள்; பதிவுச் சான்று இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பும்; பதிவுக்குப் போனால் அக்ரிமென்ட் கேட்கும்; அக்ரிமென்ட் போட ஓனர் வெளியூரில் இருப்பார். வரிசை இப்படி இருக்கட்டும்: வீட்டு அக்ரிமென்ட், ஃபார்ம் சி (வெளிநாட்டவர் தங்குவதை ஓனர் ஆன்லைனில் தெரிவிக்கும் படிவம்), வந்த 14 நாளுக்குள் செய்யும் பதிவு, அதன் பிறகு பான், வங்கி, கேஸ். சிம் மட்டும் முன்னாலேயே வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளினால் எந்த ஓடிபியும் வராது.

எந்த ஊர்?

வேலை ஓசூரில் என்றால் ஓசூரிலேயே இருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், பெங்களூரு 40 கிலோமீட்டர், மார்கழியில் ஸ்வெட்டர் தேவைப்படும் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும். அதனால் புதியவரின் உடைந்த தமிழைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. வாடகை மூன்று ஊர்களிலும் இங்கேதான் அதிகம்.

கிருஷ்ணகிரி சாலைகளின் ஊர். சென்னை போகும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் சேலம் போகும் 44-ஆம் எண்ணும் இங்கே பிரிகின்றன. கார் வைத்திருப்பவருக்கு வசதி. ஆனால் ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரில் ஸ்டேஷன் இருக்கும் என்று நம்பி டிக்கெட் தேடாதீர்கள். கோடையில் வெயிலும் கடுமை.

தர்மபுரிக்கு ரயில் உண்டு: பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகச் சேலம் போகும் பாதை. சென்னைக்குப் போக மொரப்பூர் ஸ்டேஷனையும் பாருங்கள்; சென்னை, கோவை வழித்தட ரயில்கள் சில அங்கே நிற்கும். வாடகை குறைவு, அவசரம் குறைவு. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம். இந்த ஊரில் அயல்நாட்டவர் குடியிருப்பது புதிதும் அல்ல. 1792-ல் பாராமகால் என்று அப்போது பெயர்பெற்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தபோது வரி நிர்வாகத்துக்கு வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இந்தப் பக்கம்தான் இருந்தார். தர்மபுரியில் தோட்டம் போட்டு வளர்த்தார். பிற்பாடு சென்னை மாகாண கவர்னரானவர்.

ஃபார்ம் சி-யும் 14 நாளும்

2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவர் விவகாரம் முழுக்க, 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. 1946-ன் பழைய சட்டம் போய்விட்டது. ஆனால் எல்லார் வாயிலும் இன்னும் ஃபார்ம் சி என்ற பெயர்தான்.

வெளிநாட்டவர் ஒருவர் உங்கள் வீட்டில் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் இடம் கொடுத்தவர் அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஹோட்டல், லாட்ஜ், வாடகை வீட்டு ஓனர், சொந்தக்காரர் வீடு எல்லாருக்கும் இது பொருந்தும். ஓனர் முதலில் தன் பெயரில் ஒரு லாகின் வாங்க வேண்டும். அதைச் சரிபார்த்து அனுமதிப்பது மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தின் வெளிநாட்டவர் பிரிவு. இதற்குச் சில நாள் பிடிக்கலாம். ஆகவே குடிவரும் நாளுக்கு முன்பே ஓனரை உட்காரவைத்து லாகின் வாங்கிவிடுங்கள். சாவி கைமாறிய பிறகு ஆரம்பித்தால் 24 மணி நேரம் போதாது.

படிவத்தில் தப்பு நேரும் இடங்கள் மூன்று. ஒன்று, இந்தியாவுக்கு வந்த தேதி. பாஸ்போர்ட்டில் குடிவரவு முத்திரை விழுந்த தேதிதான் அது, வீட்டுக்கு வந்த தேதி வேறு கட்டம். இரண்டு, விசா எண். விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் அச்சாகியிருக்கும்; விசா எண் என்று எழுதியிருப்பதை மட்டும் போடுங்கள். மூன்று, பெயர். மலேசியத் தமிழர் பாஸ்போர்ட்டில் பெயருக்கு நடுவே 'ஏ/எல்' (இன்னார் மகன்), 'ஏ/பி' (இன்னார் மகள்) வரும். சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. கோட்டை எடுத்துவிட்டு எழுத்துகளை மட்டும் போடுவதானால், அக்ரிமென்ட் தொடங்கி பான் வரை எல்லாவற்றிலும் அப்படியே போடுங்கள். ஒன்றில் இருந்து ஒன்றில் இல்லையென்றால் வங்கியில் அது இரண்டு ஆள்.

அடுத்தது பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்திலேயே முடிந்துவிடும், கூப்பிட்டால் ஒழிய நேரில் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, வருகை முத்திரைப் பக்கம், போட்டோ, விலாசச் சான்று, வேலைக்கு வந்தவரானால் ஒப்பந்தமும் கம்பெனிக் கடிதமும் தேவை. விசாவில் தலைமை அலுவலக விலாசம் சென்னை அல்லது புனே என்று இருந்து, வேலை ஓசூர்த் தொழிற்சாலையில் என்றால், 'இன்னார் இந்த விலாசத்தில் உள்ள எங்கள் ஆலையில் பணியாற்றுகிறார்' என்று ஒரு வரி கம்பெனிக் கடிதத்தில் இருக்கட்டும். கேள்வி கேட்டுத் திரும்பி வரும் விண்ணப்பங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு குழப்பம்: பெங்களூரு பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த ஊர் அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பது. குடியிருக்கும் விலாசம்தான் கணக்கு. ஓசூர் தமிழ்நாடு. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வீடு எடுத்தால்தான் கர்நாடகம்.

துணையாக வரும் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் என்ட்ரி விசா. அதில் சம்பள வேலை கூடாது. வீட்டில் நாலு பிள்ளைகளுக்குக் காசு வாங்கிப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், யோகா வகுப்பு நடத்துவதும் அந்தக் கணக்கில்தான் வரும். ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருப்பவருக்கு இந்தப் பதிவும் வேலைத் தடையும் இல்லை. ஆனால் ஒன்று: சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு விலைக்கு வருகிறது என்று யாராவது காட்டினால் ஆசைப்படாதீர்கள். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் ஓசிஐ அட்டைதாரர் வாங்க முடியாது. உள்ளூர்ச் சொந்தக்காரர் பெயரில் வாங்கிப் போடலாம் என்ற யோசனை, பின்னால் சொந்தத்தையும் கெடுக்கும், நிலத்தையும் கெடுக்கும்.

வீடு பார்ப்பது

புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. அட்வான்ஸ் ஓசூரில் பெங்களூரு வழக்கத்தை ஒட்டி நிறைய மாதம் கேட்பார்கள், தர்மபுரியில் குறைவு. 2017-ன் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறது. அதனால் பேரம் உங்கள் சாமர்த்தியம். அந்தச் சட்டப்படி அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். 'முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டாச்சு, போதும்' என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டவர் அப்படி விடக்கூடாது, விசா நீட்டிப்பின் போது அந்தத் தாள்தான் பேசும்.

'லீசுக்கு விடறேன், வாடகையே வேண்டாம், மொத்தமா இத்தனை லட்சம் கொடுங்க' என்பார்கள். போக்கியம். உள்ளூர்க்காரருக்கு அது சரிப்படலாம். திடீரென்று மாற்றல் வந்தால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிய உங்களுக்கு வேண்டாம். அடுத்த ஆள் லீசுக்கு வந்தால்தான் பணம் திரும்பும் என்பதுதான் அதன் நடைமுறை. நீங்கள் ஏறும் விமானம் அதற்காகக் காத்திருக்காது.

அக்ரிமென்டில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பாஸ்போர்ட் எண், கதவு எண்ணோடு முழு விலாசமும் பின்கோடும், மின் இணைப்பு எண், வாடகை ஏற்றம் எத்தனை சதவீதம் எப்போது, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்ட் செலவு யாருடையது, ஃபார்ம் சி போடுவது ஓனர் பொறுப்பு. மனைவி பெயர் இல்லாத அக்ரிமென்டை வைத்து மனைவிக்குத் தனி விலாசச் சான்று காட்ட முடியாது. பதிவு இருவருக்கும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். கூடவே ஓனரின் அடையாள அட்டை நகலும் சமீபத்திய கரண்ட் பில்லும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது கேள்விகள் வரும். கல்யாணம் ஆச்சா, எத்தனை வருஷம், குழந்தை, சாப்பாடு சைவமா, என்ன சம்பளம். இதில் துருவல் பாதி, வழக்கம் பாதி. கல்யாணச் சான்றின் நகல் கையில் இருந்தால் முதல் மூன்று கேள்வி சீக்கிரம் முடியும்; இருவர் குடும்பப் பெயரும் வேறாக இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். சம்பளக் கேள்விக்கு 'கம்பெனி வாடகை கொடுக்குதுங்க' என்று ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். ஓனர் அம்மாவை வயதுக்கு ஏற்ப அக்கா என்றோ அம்மா என்றோ கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே எடுபடாது.

தண்ணீர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும்; நாள்பட்டால் எலும்பைப் பிடிக்கும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வரும் தெருவா என்பதுதான் வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. வந்தால் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு, சம்ப் எத்தனை லிட்டர் என்பது அடுத்தது. பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் குழாயில் வருவது போர் தண்ணிதான். காவிரித் தண்ணிக்குத் தனிக் குழாய் கீழே சம்ப் பக்கத்தில் இருக்கும். மேல்தொட்டியில் ஓனர் இரண்டையும் கலந்து ஏற்றுகிறாரா என்றும் கேளுங்கள்.

இங்கே புதியவர்கள் செய்யும் தப்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடவே செய்யும். கேண்டில் ஃபில்டரும் யூ.வி. ஃபில்டரும் அதை எடுக்காது. கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர், கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும்; ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது, ஃபில்டர் வேண்டாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சோதித்துப் பார்ப்பதுதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள்; கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். மோட்டாரைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து அல்லாமல் போர்க் குழாயிலிருந்தே பிடியுங்கள். அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, தேதியும் இடமும் எழுதி ஒட்டி அன்றே கொடுத்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டினால் ஆர்.ஓ. மெஷின் வாங்குங்கள், அது எடுத்துவிடும். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீடு துடைக்க, கக்கூஸ் கழுவப் பிடித்து வையுங்கள். செடிக்கு ஊற்றினால் உப்பேறிக் கருகும்.

20 லிட்டர் கேன் வாங்குவதானால் மூடியில் சீல், தயாரிப்புத் தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை மூன்றையும் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கரண்ட், கேஸ், போன், பான்

மின்சாரம் 230 வோல்ட். 110 வோல்ட் நாட்டிலிருந்து கொண்டுவரும் மிக்சி, ஹேர் டிரையர் சொருகிய நொடியில் போய்விடும். சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். சுவரில் சின்ன மூன்று ஓட்டை 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். ஹீட்டர், ஏசி, அவன் மூன்றும் பெரியதில் மட்டும்.

பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கணக்குப் போடும் அடுக்கே மாறி, தொகை குதிக்கும். மேல் வீடு கீழ் வீடு இரண்டுக்கும் ஒரே மீட்டர் என்றால் அந்தக் குதிப்பு உங்கள் தலையிலும் விழும். தனி மீட்டர் உள்ள வீட்டைப் பாருங்கள். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரு விலை என்று வாங்கினால், இலவச யூனிட் உங்களுக்குக் கிடையாது என்று அர்த்தம்.

கேஸ் இணைப்புக்கு பாஸ்போர்ட்டும் அக்ரிமென்டும் கேட்பார்கள். அது வரும்வரை 5 கிலோ சின்ன சிலிண்டர், இண்டேனில் 'சோட்டு' என்று பெயர், அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கலாம். இருவருக்கு இரண்டு மூன்று வாரம் வரும். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, கொண்டுவந்ததும் சீலைப் பார்த்து, எடை போடச் சொல்லி வாங்கலாம். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

சிம் கார்டு பெட்டிக்கடையில் கிடைக்காது. பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கியதுமே வாங்கிவிடுங்கள், அல்லது ஊரில் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். பாஸ்போர்ட், விசா, உள்ளூர்க்காரர் ஒருவரின் நம்பர் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த உள்ளூர்க்காரர் போனும் கையுமாகப் பக்கத்தில் இருந்தால் ஒரே நடையில் முடியும். விசா முடியும் தேதியோடு சிம்மும் நின்றுவிடும். நீட்டிப்பு வாங்கியதும் ஷோரூமில் காட்டிப் புதுப்பிக்காவிட்டால், ஒரு நல்ல நாள் பார்த்து யூபிஐ-யும் வங்கியும் சேர்ந்து நிற்கும்.

பான் அட்டைக்கு வெளிநாட்டுக் குடிமக்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. இ-சேவைக் கடையில் பழக்க தோஷத்தில் இந்தியர் படிவத்தை நிரப்பிவிடுவார்கள், கவனம். கடந்த 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்திருந்தால் ஆதாருக்கும் விண்ணப்பிக்கலாம். அதுவும் விசா தேதி வரைதான் செல்லும்.

சந்தையும் சாப்பாடும்

மூன்று ஊரிலும் உழவர் சந்தை உண்டு. விடியற்காலையில் போனால் விலைப் பலகையைப் பார்த்து நிம்மதியாக வாங்கலாம். ஒன்பது மணிக்கு மேல் மிச்சம்தான். வாரச் சந்தையில் சில காய் எடை போட்டு வராது, கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறின் அடியில் இருப்பதைப் பார்க்கப் புரட்டினால் கடைக்கார அக்கா கோபிப்பார். 'கூறு மாத்திக் கொடுங்கக்கா' என்று கேட்டால் கொடுப்பார். தக்காளிக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை. கையில் துணிப்பை இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை.

மாம்பழம் சித்திரையில் தொடங்கி ஆடி வரை. முதலில் செந்தூரா, அப்புறம் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும், கடைசியில் நீலம். லாரி லாரியாகப் போவது பெங்களூரா. அதில் பெரும்பகுதி கூழ் ஆலைக்கு. பழமாகச் சாப்பிட வாங்குவதானால் தோப்பு வாசலில் வாங்கி வைக்கோலில் நீங்களே பழுக்க வையுங்கள். காம்புப் பக்கம் மணம் வரும்போது எடுத்தால் சரி. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, அழுத்தினால் கல்லாக இருக்கும் பழம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது.

இந்தப் பக்கத்துச் சாப்பாடு கேழ்வரகுக் களி. வீட்டில் கிண்டிப் பார்க்க இருவருக்கு ஒரு டம்ளர் மாவு, இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி பச்சரிசி, உப்பு. அரிசியைத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, கொதிக்கும்போதே மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் களிக்கோலால் கட்டி இல்லாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டுங்கள். கொட்டியதுமே கிளறினால் மாவு கட்டி தட்டும், உள்ளே பச்சை வாடை நிற்கும். நாட்டுக்கோழிக் குழம்போ கீரைக் கடைசலோ இருந்தால் போதும். மெல்லாமல் விழுங்குவது பழக்கத்தில் வரும்.

மதுபானத்தில் ஒரு எச்சரிக்கை. கர்நாடகத்தில் மலிவு என்று அத்திப்பள்ளிக்கு அப்பால் வாங்கி ஓசூருக்குக் கொண்டுவருவது குற்றம். சோதனையில் வண்டியையும் பிடிப்பார்கள். விசாவில் இருப்பவருக்கு அந்த வழக்கு தேவையே இல்லை. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் இந்தியா முழுக்கத் தடை, பெட்டியில் கொண்டுவராதீர்கள்.

சாலை

சர்வதேச ஓட்டுநர் பர்மிட் ஓராண்டுதான். தங்கப்போகிறவர் ஆர்.டி.ஓ.வில் இந்திய லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். வண்டிப் பதிவு எண் ஓசூரில் டி.என். 70 என்று தொடங்கும், கிருஷ்ணகிரியில் 24, தர்மபுரியில் 29. பெங்களூரில் பழைய கார் வாங்கினால் கே.ஏ. பதிவோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது. தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பார்த்தால் மலிவு மலிவாக இருக்காது.

பெங்களூரு விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, ஓசூர் தெற்கே. ஊரைக் குறுக்கே கடக்க மாலை நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அத்திப்பள்ளி, சர்ஜாபூர், ஒசகோட்டை வழியாகச் சுற்றிப் போவது தூரம் கூட, நெரிசல் குறைவு. தர்மபுரிக்காரர்கள் சேலம் விமான நிலையத்தையும் பாருங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் ஓடத் தொடங்கின. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிக்கு முன்னாலோ பக்கத்திலோ ஒட்டிப் போகாதீர்கள். பிரேக் பிடிக்காமல் லாரி மோதுவது அங்கே அடிக்கடி நடக்கிறது.

பஸ்ஸில் ஏறும்போது 'கிருஷ்ணகிரி உள்ளே போகுமா, பைபாஸா?' என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இரவு பதினோரு மணிக்கு மேம்பாலத்தடியில் பெட்டியோடு இறக்கிவிட்டால் ஆட்டோ சொல்வதுதான் விலை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, ஆனாலும் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

வார இறுதி

ஒகேனக்கல் தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கிளம்பும் முன் காலைச் செய்தியில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி என்று பாருங்கள். கர்நாடக அணைகளில் திறந்துவிட்டால் நீர்வரத்து ஒரே நாளில் பல மடங்கு ஏறும். மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். ஆடிப்பெருக்குக்கு முன்னும் பின்னும் இது சகஜம். பரிசலுக்குக் கவுண்டரில் சீட்டு வாங்குங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிய பிறகுதான் ஏறுங்கள். கரையில் தனியாக வந்து 'உள்ளே வேற இடம் காட்டறேன்' என்று அழைப்பவரோடு போக வேண்டாம். மீனைக் கடையில் எடைக்கு வாங்கி, கழுவச் சொல்லி, அடுப்பு வைத்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்தால் குழம்பும் வறுவலும் ஆகிவரும். சமையல் கூலியை முதலில் பேசிக்கொள்ளுங்கள், எண்ணெய் மசாலா அதில் அடக்கமா என்றும். எண்ணெய் மசாஜுக்கும் அப்படியே. அருவிப் பாறையில் எண்ணெய் வழிந்திருக்கும், செருப்போடும் வழுக்கும், வெறுங்காலோடும் வழுக்கும்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் பச்சைப்பசேல் என்று இருக்கும், யானையும் இருக்கும். காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்கள் இந்த இரண்டு மாவட்டங்களில்தான். ராகி அறுவடைக் காலத்தில், ஐப்பசியிலிருந்து மாசி வரை, பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வரும். பைக்கில் போனால் பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, பின்னால் எடுங்கள்; ஹார்ன் வேண்டாம், போட்டோவுக்கு இறங்கவே வேண்டாம். செல்போன் சிக்னல் பல வளைவுகளில் கிடைக்காது. அதற்காக சாட்டிலைட் போன் கொண்டுவந்தால் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதற்கே கைதாவீர்கள். வெளிநாட்டிலிருந்து டிரோன் கொண்டுவருவதற்கும் 2022 முதல் தடை.

வரலாற்றுப் பித்து உள்ளவர்களுக்கு ராயக்கோட்டைக் கோட்டை, தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள், அதியமான்கோட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் அங்கே கற்களும் குன்றும்தான், கண்ணாடிப் பெட்டி எதுவும் இருக்காது. தைமாதம் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். மாடு ஓடும் சந்துக்குள் நிற்காமல் மாடியிலிருந்து பாருங்கள்.

வெளியூரில் தங்குவதானால் லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் போட்டு 'வெளிநாட்டு பாஸ்போர்ட், ஃபார்ம் சி போடுவீங்களா?' என்று கேளுங்கள். லாகின் இல்லாத சின்ன லாட்ஜ்கள் ஆளைப் பார்த்ததும் ரூம் காலி இல்லை என்றுவிடும்.

உடம்புக்கு

அவசரத்துக்கு 108. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்; தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். கீறல்தானே என்று விடக்கூடாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கேதான் நிச்சயமாக இருக்கும்.

வெளியே போய் வருவது, காலி செய்வது

லீவுக்கு இலங்கை, நேபாளம் என்று கிளம்பும் முன் விசா பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். ஒருமுறை விசா என்றால் திரும்ப முடியாது. பதிவுச் சான்றின் அச்சுப் பிரதி பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். வீடு மாறினால் புது விலாசத்தை இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் தெரிவித்து, புது ஓனரைக் கொண்டு மறுபடி ஃபார்ம் சி போட வையுங்கள்.

காலி செய்யும்போது பெயின்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது வழக்கம். குடிவந்த அன்றே சுவர், கதவு, குழாய், கக்கூஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைத்தால், அதற்கு மேல் பிடிக்கும் பேச்சு வராது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பும். இணைப்பு வாங்கிய அன்று கொடுத்த ரசீது வேண்டும். கடைசி கரண்ட் பில் வர இரண்டு மாதம் ஆகுமே என்று ஓனர் அட்வான்ஸில் பாதியை நிறுத்திவைக்கப் பார்ப்பார். கிளம்பும் நாளன்று மீட்டரை இருவரும் சேர்ந்து பார்த்து, யூனிட்டைக் கணக்குப் போட்டு அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மிச்ச அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். அந்தக் கணக்கை மூடுவது அதற்கும் அப்புறம்.